நாயாற்று முகத்துவாரம்: அமைதி காத்தலும் இணக்கம் காணலும்

நாயாறு என்னும் பெயரை நம் மாணாக்கருட் பலர் தேசப்படத்தில் மட்டுமே கண்டிருத்தல் கூடும். முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய்க்குச் செல்லும் தெரு, அளம்பிலையும் செம்மலையையும் கடந்து தெற்கு நோக்கிப் போகுங்கால், மேற்கே அகன்றதொரு களப்பும் கிழக்கே கடலும் தோன்றும். இவ்விரண்டினையும் இணைக்கும் ஒடுங்கிய வாயிலே நாயாற்று முகத்துவாரமாகும். கரைதுறைப்பற்றைச் சேர்ந்த இவ்விடத்தைப் பாலத்தின்மேற் கடந்து சென்றால் கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, கொக்கிளாய் என்னும் பழைய ஊர்களை அடையலாம். கண்டற்காடும் பனையும் புதரும் சூழ்ந்த அக்களப்பில் இறாலுக்கும் மீனுக்கும் குறைவில்லை.

உள்நாட்டுப் போரினின்று மீளும் நாடொன்றிலே பிறநாட்டார் வந்து அமைதி காப்பது எவ்வாறு, பகைத்தோர் மீண்டும் இணங்குவது எவ்வாறு என்னும் பொருள்பற்றி எழுதுமாறு மலர்க்குழுவினர் என்னைப் பணித்தனர். இத்தகைய கட்டுரையை நியூயோர்க்கிலோ செனீவாவிலோ தொடங்குதல் வழக்கம். யான் நாயாற்றிலே தொடங்குகின்றேன். இத்தீவுக்கு இருமுறை பிறநாட்டுக் காவலர் வந்தனர். இருமுறையும் மீண்டு சென்றனர். அவர்கள் காத்த அமைதி இம்முகத்துவாரத்துக்கு எட்டியதா என்பதே என் வினா. அதற்கு விடை காண வேண்டின் முதலில் இவ்விடத்தின் வழக்கு யாதென அறிதல் வேண்டும்.

கடற்றொழிலாளர் வாழ்வைக் காற்றே வகுக்கின்றது. வைகாசி முதற் புரட்டாதி வரை சோளகக் காற்று வீசுங்கால் மேற்குக் கரைக் கடல் கொந்தளிக்கும். கிழக்குக் கரைக் கடலோ அடங்கிக் கிடக்கும். ஆதலின் நீர்கொழும்பு, சிலாபம் முதலிய பகுதிகளின் மீனவர் அப்பருவத்திலே நாயாற்றுக்கும் கொக்கிளாய்க்கும் வந்து, வாடி அமைத்துத் தொழில் செய்து, வாடைக் காற்றுக்குமுன் ஊர் திரும்புவர். இவ்வழக்கம் போருக்கு மிக முந்தியது. வந்தவருட் பெரும்பாலார் சிங்களம் பேசுவோர். அவருள்ளும் கத்தோலிக்கர் பலர். நாளடைவிற் சிலர் நிலையாகவும் தங்கினர். கரைவலை இழுப்பதற்கென ஒருவருக்கு உரித்தான கடற்கரைப் பகுதியைப் 'பாடு' என்பர். சிங்கள மீனவரும் இச்சொல்லையே வழங்குவர். ஒரே சொல்லால் வழங்கும் ஒரே மணற்பரப்பின்மேல் இரு பகுதியார்க்கும் தொழில் இருந்தது என்பதை மனத்திற் கொள்க.

1984ஆம் ஆண்டின் இறுதி இவ்வாழ்வைக் குலைத்தது. நவெம்பர் 30ஆம் திகதி கென்ற், டொலர் பண்ணைகளிற் குடியேற்றப்பட்டிருந்த சிங்கள மக்கள் தமிழீழ விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். மறுநாள் கொக்கிளாயிலும் நாயாற்றிலும் இருந்த சிங்கள மீனவக் குடும்பங்களும் அவ்வாறே தாக்குண்டன. பண்ணைகளிலும் கரையிலும் மாண்டோருட் பெண்களும் குழந்தைகளும் இருந்தனர். அந்த டிசெம்பரிலேயே ஒதியமலையில் தமிழ் ஆடவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, நாயாறு முதலிய ஊர்களின் தமிழ் மக்கள் படையினரால் வெளியேற்றப்பட்டனர். வயலும் தோணியும் கோயிலும் விட்டுச் சென்றோர் கால் நூற்றாண்டுக்குமேல் மீளவில்லை. 1988இலே மணலாறு 'வெலிஓயா' எனப் பெயர் பெற்று, மகாவலி 'எல்' வலயத்துட் சென்றது. இவ்வரலாற்றைக் கூறுவோர் தத்தமக்கு வேண்டிய திகதியினின்று தொடங்குதலை யான் பலமுறை கேட்டிருக்கின்றேன். ஒருவர் நவெம்பர் 30 என்பர்; மற்றவர் டிசெம்பர் நடுப்பகுதி என்பர்; வேறு சிலர் குடியேற்றம் தொடங்கிய ஆண்டென்பர். மூன்றும் ஒரே கரையில் நிகழ்ந்தவை.

இனி அமைதி காத்தல் என்பதன் இலக்கணத்தை நோக்குவோம். ஐக்கிய நாடுகள் தாபனத்தின் சாசனத்திலே இச்சொல் இல்லை. 1948இற் பலத்தீனத்துக்கு அனுப்பப்பட்ட போர்நிறுத்த மேற்பார்வையாளர் படைக்கலமின்றிச் சென்றனர்; கண்டதை எழுதி அனுப்புவதே அவர்தம் கடன். 1956இல் சூயெசு நெருக்கடியின்போது கனடாவின் லெஸ்ரர் பியர்சனும் செயலாளர் நாயகம் டாக் ஹமர்சீல்டும் முயன்று, எகிப்திலே முதலாவது அமைதிப் படையை நிறுவினர். தலைச்சீராவுக்கு நீல வண்ணம் தீட்டி அடையாளம் செய்ததும் அப்போதுதான். (இலங்கை அத்தாபனத்தில் உறுப்புரிமை பெற்றது அதற்கு முந்திய ஆண்டு டிசெம்பர் 14ஆம் திகதி.) சாசனத்தின் ஆறாம் அத்தியாயம் இணக்கப் பேச்சுப்பற்றியது, ஏழாம் அத்தியாயம் வன்மையாற் கட்டுப்படுத்தல்பற்றியது. அமைதிப் படை இரண்டுக்கும் இடைப்பட்டதாகலின் அதனை 'ஆறரை அத்தியாயம்' என ஹமர்சீல்ட் நகையாடினார் என்பர். அதற்கு மூன்று விதிகள் உண்டு: பகைத்த இரு பகுதியாரின் உடன்பாடு, நடுவுநிலை, தற்காப்புக்கன்றிப் படைக்கலம் எடாமை. இம்மூன்றையும் உரைகல்லாகக் கொண்டு நம் நாட்டுக்கு வந்தோரை நோக்கலாம்.

1987 யூலை 29ஆம் திகதி கொழும்பிலே சனாதிபதி ஜே. ஆர். ஜெயவர்தனாவும் பிரதமர் ராஜீவ் காந்தியும் உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டனர். மறுநாளே இந்தியப் படை பலாலியில் இறங்கியது. மக்கள் மாலையிட்டு வரவேற்றதைக் கண்டோர் நம் பழைய மாணவருட் பலர் உளர். அதன் பெயரிலே 'அமைதி காக்கும் படை' என்னும் தொடர் இருந்தது. எனினும் ஐக்கிய நாடுகளின் ஆணை அதற்கில்லை. ஓர் அயல் அரசு பிறிதோர் அரசுடன் செய்த ஒப்பந்தத்தின்பேரில் வந்த படை அது. போரிட்ட இரு பகுதியாருள் ஒரு பகுதியார் ஒப்பந்தத்திற் கைச்சாத்திடவில்லை. அவரிடம் படைக்கலங்களை ஏற்கும் பொறுப்போ அப்படைமேற் சுமத்தப்பட்டது. ஒக்டோபர் 10ஆம் திகதி போர் மூண்டது. அம்மாதத்திலேயே யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையில் வைத்தியரும் தாதியரும் நோயாளரும் மாண்டனர். பின்னர் முல்லைத்தீவின் நித்திகைக்குளக் காடுகளிலே அப்படை நெடுநாட் போரிட்டது. 1990 மார்ச்சு 24ஆம் திகதி கடைசி அணி திருகோணமலையிற் கப்பலேறியபோது ஏறத்தாழ 1,200 இந்தியப் போர்வீரர் இறந்திருந்தனர். இறந்த பொதுமக்களுக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கில்லை. மூன்று விதிகளும் முறிந்தபின் காவலன் கட்சிக்காரன் ஆகின்றான். அந்தச் சிப்பாய்களைக் குறைகூறுவதிற் பயனில்லை. குறை அவர் கையிற் கொடுத்த பணியிலே இருந்தது.

இரண்டாம் முறை வந்தோர் துவக்கில்லாமல் வந்தனர். 2002 பெப்ருவரி 22ஆம் திகதி பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவும் வே. பிரபாகரனும் வெவ்வேறிடங்களிற் கைச்சாத்திட்ட போர்நிறுத்த உடன்படிக்கையைக் கண்காணிக்க நோர்வே, சுவீடன், பின்லாந்து, டென்மார்க், ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாட்டாரும் வந்தனர். அவர் தொகை அறுபதளவே. 1948ஆம் ஆண்டின் மேற்பார்வையாளர் மரபுக்கு உரியோர் இவர்களே. உடன்படிக்கையின் வாசகத்தை மாணாக்கர் ஒருமுறையேனும் முழுமையாகப் படித்தல் நன்று. சமாதானம் எத்துணைச் சிறு காரியங்களாலானது என்பது அதனால் விளங்கும். கோயில், பள்ளிவாசல், தேவாலயங்களினின்று படையினர் 30 நாளிலும், பாடசாலைகளினின்று 160 நாளிலும் விலக வேண்டும் என்று அது விதித்தது.

மீன்பிடிபற்றியும் அதில் ஒரு விதி உண்டு. நமக்கு வேண்டியது அதுவே. பகலிலும் இரவிலும் தொழில் செய்வதற்கிருந்த தடைகள் படிப்படியாகத் தளர்ந்து 90 நாளில் நீங்க வேண்டும் என்பது பொதுவிதி. ஆயின் கரையோரப் படைமுகாம்களுக்கு இருபுறமும் ஒரு கடல்மைல் தூரத்திலும், கடல்நோக்கி இரண்டு கடல்மைல் தூரத்திலும் மீன்பிடித்தல் ஆகாது. துறைமுகங்கள், குடாக்கள், முகத்துவாரங்கள் ஆகியவற்றிலும் ஆகாது என்று விலக்குகள் இருந்தன. முகத்துவாரத்தில் வலைபோட்டு வாழும் ஓர் ஊரவன் இவ்விதியை எவ்வாறு படித்திருப்பான் என எண்ணிப் பாருங்கள். சமாதானம் அவனுக்கு ஆழ்கடலைத் திறந்தது; வீட்டு வாயிலைத் திறக்கவில்லை.

உடன்படிக்கையின் மற்றோர் உறுப்பு இன்னும் கருதத்தக்கது. யாழ்ப்பாணம், மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய ஆறிடங்களில் உள்ளூர்க் கண்காணிப்புக் குழுக்கள் அமைந்தன. ஒவ்வொன்றிலும் ஐவர்: அரசு நியமித்தோர் இருவர், புலிகள் நியமித்தோர் இருவர், தலைமைக்கு ஒரு பிறநாட்டார். முறைப்பாடு அங்கே எழும். அங்கேயே தீர்க்கப்பட வேண்டும். முல்லைத்தீவுக்கு அத்தகைய குழு இருக்கவில்லை. 1996இன் பின் அப்பகுதி முற்றாகப் புலிகளின் ஆட்சியில் இருந்தமையால், இரு பகுதியாரும் எதிர்ப்படும் எல்லை அங்கில்லை எனக் கொண்டனர் போலும். கடலிலோ எல்லை இருந்தது. 2003 மார்ச்சிலே முல்லைத்தீவுக்கு அப்பாற் புலிகளின் கப்பலொன்றைக் கடற்படை மூழ்கடித்தபோது, கடலிற் புலிகளின் நடமாட்டம்பற்றி உடன்படிக்கை ஒன்றும் கூறவில்லை என்பதை யாவரும் கண்டனர்.

கண்காணிப்பாளர் முறையாகக் கணக்கெழுதினர். 2007 வரை புலிகளின் மீறல்கள் 3,800க்கு மேல், அரசின் மீறல்கள் 350அளவு என அவர் பதிவு செய்தனர். முன்னையவற்றுட் சிறுவரைப் படையிற் சேர்த்தலும் ஆட்கடத்தலும் பெரும்பகுதி. இக்கணக்கை ஒரு பகுதியார் கொண்டாடினர். மற்றப் பகுதியார் பழித்தனர். 1984இல் ஊரிழந்தவன் 2002இலும் ஊரிழந்தவனாகவே இருத்தல் எந்தப் பத்தியிலும் ஏறவில்லை என்பதை இரு பகுதியாரும் கவனியாது விட்டனர். அது மீறலன்று, பழைய நிலை. போர்நிறுத்தம் பழைய நிலையை அப்படியே நிறுத்துவது. 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைசெய்தது. அதனால் அவ்வொன்றியத்து நாட்டாராகிய சுவீடன், பின்லாந்து, டென்மார்க் கண்காணிப்பாளர் வெளியேற நேர்ந்தது. 2008 சனவரி 16இல் உடன்படிக்கையே முடிவுற்றது. பதினான்கு நாள் முன்னறிவித்தல் கொடுத்து விலகலாம் என்பது அதன் விதி. விலகியவர் அவ்விதியை மட்டும் பிசகாமற் காத்தனர்!

அதன்பின் நிகழ்ந்தவற்றை விரித்துரைக்க என் கை எழவில்லை. 2008 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகளின் பணியாளர் கிளிநொச்சியை விட்டு நீங்கினர். போகவேண்டாமென மக்கள் வாயிலில் நின்று இரந்தனர். செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல் 2009 பெப்ருவரி முதல் மே வரை புதுமாத்தளனிலிருந்து காயமுற்றோரை ஏற்றியது. மே 18இல் யாவும் ஓய்ந்தன. தான் தவறியதை ஐக்கிய நாடுகள் தாபனமே 2012இல் சாள்ஸ் பெற்றியின் அறிக்கை வாயிலாக ஒப்புக்கொண்டது. காவலர் வேண்டிய காலத்திற் காவலர் இல்லை.

போருக்குப்பின் நாயாற்று மக்கள் மெல்ல மெல்ல மீண்டனர். கண்ணிவெடி அகற்றுவோர் முன்னே சென்றனர். ஹலோ முதலிய பிறநாட்டு நிறுவனங்களின்கீழ் அப்பணியைச் செய்தோருட் போரிற் கணவரை இழந்த வன்னிப் பெண்கள் பலர். பிறநாட்டார் செய்த பணிகளுள் மண்ணைத் தொட்டு அளந்து முடித்த பணி அதுவே என்பது என் துணிபு. இலங்கை 2017 டிசெம்பரிற் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையிற் சேர்ந்தது.

மீண்டவர் கண்டதென்ன? பாடுகள் பிறர் கையில். காணி உறுதிகள் இடப்பெயர்விற் கெட்டழிந்தன. வயலுக்கு வேறொருவரிடம் அனுமதிப்பத்திரம். 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் 1983 மே முதல் 2009 மே வரை நீதிமன்றஞ் செல்ல இயலாதிருந்தோர்க்கு ஓர் உதவி செய்தது. பிறன் காணியைப் பத்தாண்டு ஆண்டவன் அதற்கு உரியவனாகலாம் என்பது நம் நாட்டின் பழைய சட்டம். அப்பத்தாண்டைக் கணிக்குங்கால் போர்க்காலத்தை விலக்குக என்றது இப்புதிய சட்டம். நல்ல சட்டமே. ஆயினும் அது தனியார் காணிக்கு உதவும். அரசு வழங்கும் அனுமதிப்பத்திரக் காணிக்கும் கரைவலைப் பாட்டுக்கும் எட்டாது.

2018இலே தெற்கிலிருந்து வந்த மீனவர் சிலர் ஒளிபாய்ச்சி மீன்பிடித்தல் முதலிய தடைசெய்யப்பட்ட முறைகளைக் கையாளுகின்றனர் என முல்லைத்தீவு மீனவர் மறியல் செய்தனர். ஆகஸ்ற் 13ஆம் திகதி இரவு நாயாற்றிலே தமிழ் மீனவர் வாடிகளும் படகுகளும் இயந்திரங்களும் வலைகளும் தீக்கிரையாயின. அடுத்த ஆண்டு செப்டெம்பரில், செம்மலை நீராவியடிப் பிள்ளையார் கோயிலருகே அமைந்த விகாரையின் பிக்கு காலமானார். வேறோரிடத்தில் உடலைத் தகனஞ் செய்யுமாறு முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றம் கட்டளையிட்டது. பொலிசார் பார்த்திருக்கக் கோயிற் கேணியருகே அது தகனஞ் செய்யப்பட்டது. சட்டத்தரணிகள் பணிபகிட்கரித்தனர். 2023 யூன் 29ஆம் திகதி கொக்குத்தொடுவாயிலே குடிநீர்க் குழாய் பதிக்க மண் வெட்டியோர் மனித எலும்புகளைக் கண்டனர். அடுத்த ஆண்டு யூலையில் அகழ்வு நிறைவுற்றபோது எடுக்கப்பட்ட எலும்புக்கூடுகள் 52.

வாடி, கேணி, புதைகுழி என்னும் இம்மூன்றிலே படைக்கும் படைக்கும் இடையிலான வழக்கு ஒன்றேனும் உளதா? நீலச்சீரா அணிந்தோர் ஆயிரவரைப் பாலத்தில் நிறுத்தினாலும் இவை தீரா. சட்டத்தை எல்லார்க்கும் ஒப்ப நடத்தும் அரசும், அயலார் முகத்தை நோக்கிப் பேசத்தக்க ஓர் இடமும் இவற்றுக்கு வேண்டும். அரசின் கடமைபற்றி ஆணைக்குழு அறிக்கைகள் பல உள. 2011இன் நல்லிணக்க ஆணைக்குழு அறிக்கையை மட்டும் நிறைவேற்றியிருந்தாலும் பாதி வழி சென்றிருப்போம். யான் இரண்டாவதைப்பற்றியே கூற விழைகின்றேன். அதற்கு ஒரு தூரதேசத்து உதாரணம் துணை செய்யும்.

பசுபிக் சமுத்திரத்திலே பப்புவா நியூகினிக்கு உட்பட்ட பூகன்வில் என்னும் தீவில், பங்குனா செப்புச் சுரங்கம்பற்றி 1988இல் எழுந்த பிணக்குப் பத்தாண்டுப் போராயிற்று. அரசோடு போரிட்டதோடன்றித் தீவாரும் தம்முட் பிளந்து ஊரோடு ஊர் பொருதனர். 1997இல் நியூசிலாந்திலே பேச்சு நிகழ்ந்தது. அவ்வாண்டு இறுதியில் நியூசிலாந்தும், அடுத்த ஆண்டு முதல் அவுஸ்திரேலியாவும் தலைமை தாங்க, பீசி, வனுவாட்டு நாட்டாரும் சேர்ந்த கண்காணிப்புக் குழு ஒன்று 2003 வரை அங்கிருந்தது. போர்வீரரும் இருந்தனர்; பொதுமக்களும் பெண்களும் இருந்தனர்; ஒருவரிடமும் துவக்கில்லை. மாவோரி வீரர் கிட்டாரோடு ஊருள் நுழைந்து பாடினராம். தீவின் தாய்மார் காட்டுக்குட் சென்று தம் மக்களை அழைத்து வந்தனர். படைக்கலங்களை இரு பூட்டுள்ள பேழைகளிலிட்டு ஒரு திறவுகோலைப் போராளித் தலைவனும் மற்றதை ஐக்கிய நாடுகளின் அலுவலரும் வைத்திருந்தனர்.

இவற்றினும் எனக்கு வியப்பளிப்பது வேறொன்று. இணக்கத்தைக் கண்காணிப்பாளர் செய்யவில்லை, ஊரார் செய்தனர். கொன்ற குடியினரும் இழந்த குடியினரும் எதிரெதிரே இருந்து, நிகழ்ந்ததை வாயால் ஒப்புக்கொண்டு, பன்றியும் சங்குப் பணமும் கொடுத்து, அம்பை முறித்து, பாக்கை ஒன்றாக மென்றனர். பாக்கு வெற்றிலை மாற்றி வழக்குத் தீர்ப்பது நமக்கும் புதிதன்று. பிறநாட்டார் அச்சடங்குக்கு ஊர்தியும் பாதுகாப்பும் தந்து ஒதுங்கி நின்றனர். 2001இல் அரசியல் உடன்படிக்கை பிறந்தது. 2019இன் வாக்கெடுப்பில் தீவார் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேல் சுதந்திரத்தை வேண்டினர். அரசியல் வினாவுக்கு அந்நாட்டார் நீண்டகாலம் விடை தேட நேர்ந்தது. ஊர்ச்சண்டையோ அதற்காகக் காத்திருக்கவில்லை. அரசியற்றீர்வு வரட்டும், மற்றவை தாமே சரியாகும் என்று நம்மவர் கூறுங்கால் யான் பூகன்விலை நினைப்பதுண்டு. அரசியற்றீர்வு வேண்டாமென்பது என் கருத்தன்று.

இனி 2002இன் ஐவர் குழுவுக்கு மீள்வோம். முல்லைத்தீவுக்குக் கிட்டாத அவ்வமைப்பை நாயாற்றின் அளவுக்குச் சுருக்கினால் என்ன? உள்ளூர்க் கடற்றொழிலாளர் சங்கங்கள் தெரிந்தெடுக்கும் இருவர். பருவத்துக்கு வரும் தெற்கு மீனவர் தெரிந்தெடுக்கும் இருவர். இரு பகுதியாரும் ஏற்கும் ஒருவர். சோளகம் தொடங்குமுன் பங்குனியிற் கூடி அவ்வாண்டு எத்தனை வாடி, எவ்விடத்தில், எவ்வகை வலை எனத் தீர்மானிப்பர். பருவம் முடிந்தபின் ஐப்பசியில் முறைப்பாடுகளை ஆராய்வர். பாடுகளுக்கு உரிமம் வழங்கும் அதிகாரம் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டப்படி கடற்றொழில் திணைக்களத்தின் கையில் உளது. குழுவின் முடிவைக் கேளாது உரிமம் வழங்கலாகாது என அமைச்சு ஒரு சுற்றுநிருபம் விடுத்தாற் போதும். கேணியும் புதைகுழியும் இக்குழுவின் தோளுக்கு மிஞ்சியவை. அவை நீதிமன்றத்துக்கு உரியவை. வாடியையாவது இவர் கையில் விடலாம்.

ஐந்தாவது கதிரையில் யாரை இருத்துவது என்பதே கடினமான வினா. 2002இல் அதற்கு நோர்வே வரை செல்ல நேர்ந்தது. இம்முறை அத்துணைத் தூரம் செல்ல வேண்டியதில்லை என எண்ணுகின்றேன். இரு மொழியும் அறிந்து, கடலும் அறிந்து, எக்கட்சிக்கும் கடன்படாத ஓய்வுபெற்ற நீதவான் ஒருவரையோ, இரு பகுதிக் கத்தோலிக்கரும் மதிக்கும் குருவானவர் ஒருவரையோ மீனவரே சுட்டக்கூடும். அவர் சுட்டுபவரை ஏற்பதே முறை. கொழும்பிலிருந்து நியமித்தால் அது மற்றுமோர் அலுவலகமாகும்.

அக்குழு கூடுநாளில் முதலில் வேண்டப்படுவது 1984க்கு முந்திய பாட்டுப் பதிவேடாகும். யார் எப்பாட்டில் வலை வளைத்தார் என்பதற்கு இரு பகுதியாரும் ஏற்கத்தக்க சான்று அதுவொன்றே. நம் பழைய மாணவருள் முல்லைத்தீவு, வவுனியாக் கச்சேரிகளிலும் கடற்றொழில் திணைக்களத்திலும் கடமையாற்றி ஓய்வு பெற்றோர் பலர் உளர். அப்பதிவேடுகளின் பிரதியோ, உரிமத்தின் பழைய துண்டோ தம் வீட்டுப் பெட்டிகளில் எஞ்சியிருப்பின், அவர்கள் மலர்க்குழுவுக்கு ஒருவரி எழுதுவார்களாக.